வெறும் வெளிக்கு ஒரு நாள் பயணம்

தேன்மொழி மேடம் கேட்டது ஒரு பக்கம்தான். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்கு, புகைப்படக்காரர்களை நாங்கள் பாலைவனத்துக்கு அழைத்துப்போன பயணங்களை எப்படித் திட்டமிட்டோம் என்று எழுதித் தரச் சொன்னார்.

"இப்ப எல்லாத்தையும் போனே சொல்லிடுது பெருமாள் சார். சூரியன் எங்க உதிக்கும், கடல் எப்ப ஏறும், காத்து எந்தப் பக்கம் அடிக்கும், எல்லாம். எப்ப வேணாம்னு சொல்லணும்கிறதை மட்டும் அது சொல்ல மாட்டேங்குது. அதை எழுதுங்க."

ஓய்வுபெற்ற பிறகு குத்தாலத்துக்குப் பக்கத்தில் தம்பி வீட்டு மாடியில் இருக்கிறேன். கீழே நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து பாலைவனத்தைப் பற்றி எழுதுவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் உத்தியோகமே அந்த வேடிக்கையில்தான் ஓடியது.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் மேடத்தின் அப்பா நடத்திய டிராவல்ஸில் பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். அப்போது எங்கள் வேலை கோயில்கள்தான். ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று வருவார்கள். எந்தக் கோயில் எப்போது நடை சாத்தும், எந்த ஊர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றால் அடுத்த கோயில் தவறிப்போகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கூட்டத்தில் ஒரு பாட்டி வேளாங்கண்ணியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார். அதையும் சேர்ப்போம். நேரத்தைக் கணக்குப்போட நான் கற்றுக்கொண்டது அங்கேதான். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பெரியவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் சென்னையிலிருந்து தேன்மொழி மேடம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவர் வந்த முதல் கோடையில்தான் ஓவியக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கழுத்தில் கேமராவோடு உள்ளே வந்தார். நான் வழக்கம்போல் பெரிய கோயில், தாராசுரம் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோயில் வேணாங்க. ஒண்ணுமே இல்லாத இடம் வேணும். மரம், வீடு, கோபுரம், கம்பம் எதுவும் படத்துல வரக் கூடாது. நிலமும் வானமும் மட்டும். காலையில போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பணும்."

"தஞ்சாவூர் ஜில்லாவுல ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு நான் எங்க சார் போவேன்?" என்று சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. "ரெண்டு இடம் இருக்கு" என்றார்.

ஒன்று, சித்திரை மாதத்துக் கொள்ளிடம். ஆறு வற்றிக் கிடக்கும்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மணல்தான். காற்று அதில் வரிவரியாகக் கோடு போட்டிருக்கும். மற்றொன்று, வேதாரண்யத்துக்கு மேற்கே முத்துப்பேட்டை பக்கமாகப் பரந்து கிடக்கும் உப்புச் சதுப்பு. மழைக்காலத்தில் நீரும் பறவைகளுமாக இருக்கிற நிலம் கோடையில் காய்ந்து வெடித்து, மேலே வெள்ளையாக உப்புப் பொருக்குத் தட்டிவிடும். நெல் விளைகிற ஊர்களைத் தாண்டி இரண்டு மூன்று மணி நேரம் போனால் அப்படி ஒரு வெளி இருக்கிறது என்று டெல்டாக்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் அந்த இரண்டுக்கும் வைத்த பெயர்தான் 'பாலைவனம்'. பெயர் நிலைத்துவிட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கோடை வந்தால் கோயில் வேலையை அலுவலகத்து இளைஞர்களிடம் விட்டுவிட்டு நான் பாலைவன வேலை பார்ப்பேன்.

மேடம் திட்டம் போடும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. பதில் பிடிக்கவில்லை என்றால் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். மூன்றாவது முறை கேட்கும்போது நமக்கே நம் பதில் ஓட்டையாகத் தெரியும்.

பயணத் திட்டத்தை அவர் சாயங்காலத்திலிருந்துதான் தொடங்குவார். "முதல்ல இவங்க வீடு திரும்புறதைப் போடுங்க. அப்புறம் வண்டிக்கு வந்து சேர்றது. அப்புறம் படம் எடுக்கிறது. கிளம்புறதைக் கடைசியாப் போடுங்க." காலையிலிருந்து திட்டம் போட்டால் அழகான இடத்தில் எல்லா நேரமும் செலவாகி, திரும்பும் வழிக்கு நேரம் இல்லாமல் போய்விடும் என்பார். ஒருவரை அழைத்துப்போவதற்கு முன்னால், அதே வெயிலில் அதே இடத்தில் எங்களில் ஒருவர் போய் நின்றிருக்க வேண்டும். பெரும்பாலும் அவரே போவார். குடையில்லாமல் நிற்பார். "குடை பிடிச்சா எனக்கு என்ன தெரியும்?" என்பார்.

இன்னொரு விதி அவருடையது. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் படம் எடுக்கக் கூடாது, படம் எடுப்பதைப் பார்க்கவும் கூடாது. வந்த வழியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லோரும் வானத்தைப் பார்த்து நிற்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த சூரியோதயங்கள் மிகக் குறைவு. சூரியன் உதிக்கும்போது மேற்கே என்ன நடக்கும் என்று கேட்டால் நன்றாகச் சொல்வேன்.

கொள்ளிடத்தில் ஆபத்து கம்மி, தொல்லை அதிகம். மணல்வரி கலையாமல் கிடைக்க வேண்டும் என்பதால் குழுவை ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடத்திக்கொண்டு போவோம். ஒருமுறை அப்படி நடத்திக்கொண்டு போய், நல்ல ஒளி வந்து, எல்லோரும் கேமரா முக்காலியை ஊன்றிய நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து ஆடுகள் இறங்கின. நேராக அந்த மணல்வரிமேலேயே வந்தன. நான் ஓடிப்போய் ஆடு மேய்க்கிற அம்மாவிடம் கெஞ்சினேன்.

"கொஞ்சம் சுத்திப் போங்கம்மா, படம் புடிக்கிறாங்க."

"எதைப் புடிக்கிறாங்க?"

"ஒண்ணும் இல்லாத மணலைம்மா."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணும் இல்லாததைப் புடிக்கவா இவ்ளோ தூரம் வந்தாங்க? ஆடாவது இருந்துட்டுப் போகட்டும், போ தம்பி." ஆடுகள் போயின. அன்று வந்த ஐந்து பேரில் நான்கு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் ஆடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த பயணத்திலிருந்து, முதல் நாளே கரைக்குப் போய் ஆடு மேய்க்கிறவர்களிடம் நாளைக்கு எந்தப் பக்கம் இறங்குவார்கள் என்று கேட்டு வருவதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது.

உப்புச் சதுப்பு அப்படியில்லை. அங்கே நிலம் பார்க்கத்தான் கெட்டி. பொருக்குக்கு அடியில் சில இடங்களில் இறுகிய தரை, சில இடங்களில் குழைந்த களி. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் செல்லையன் இல்லாமல் நாங்கள் இறங்க மாட்டோம். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர் அவர். கெட்டித்தரை போகிற வழியில் மூங்கில் குச்சிகளை ஊன்றி, நுனியில் சிவப்புத் துணி கட்டி வைப்போம். அந்தக் கொடிகளை ஒட்டியே போக வேண்டும், ஒட்டியே வர வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் கரையேறிவிட வேண்டும் என்பதும் விதி.

அந்த விதியை மாற்றச் சொல்லித்தான் நளினி அம்மா வந்தார்.

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். பூர்வீகம் கும்பகோணம் பக்கம், குடியிருப்பது சென்னை. கூடவே கணவர் பாலசுப்ரமணியன். பாலு சார் என்று கூப்பிடச் சொன்னார். பேங்கில் இருந்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்து கைத்தடியோடு நடப்பார். எங்கே போனாலும் தோளில் ஒரு பிளாஸ்க் டீ தொங்கும்.

"எனக்குக் காலை வெளிச்சம் வேணாம்" என்றார் நளினி அம்மா. "கானல் வேணும். நல்ல உச்சி வெயில்ல, தரையும் வானமும் எங்க சேருதுன்னே தெரியாம அப்படியே உருகி ஓடுமே, அது. முப்பது வருஷம் போர்டுல படம் போட்டு நடத்தினேன். ஒரு தடவை அதுக்குள்ள நின்னு எடுக்கணும்."

"அந்த நேரத்துல நாங்க யாரையும் அங்க விடுறதில்லைங்க" என்றார் மேடம்.

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன். விடுறவங்ககிட்ட போனா எனக்குப் பயமா இருக்கும்."

மேடம் என்னைப் பார்த்தார். "முடியுமா பெருமாள் சார்?"

"கஷ்டம் மேடம்."

"முடியுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் நானும் மேடமும் செல்லையனும் உச்சி வெயிலில் போய் நின்றோம். அன்றுதான் நானும் கானலை முழுசாகப் பார்த்தேன். நாலாபுறமும் தண்ணீர் நிற்பதுபோல் இருந்தது. எங்கள் கொடிகள் தரையிலிருந்து பிய்ந்து அந்தரத்தில் ஆடின. கரையில் நின்ற வேனுக்குச் சக்கரங்கள் இல்லை. செல்லையன் கொஞ்சதூரம் நடந்து போனபோது முதலில் அவர் கால் கரைந்தது, பிறகு இடுப்பு. தலைமட்டும் ஒரு பானைபோல மிதந்தது. மேடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல வழியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். திரும்பும்போது இன்னொருமுறை கேட்டார்.

கொடிகளை நெருக்கி ஊன்ற வேண்டும், ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடி கானலைத் தாண்டித் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவானது. பாதி வழியில் நான்கு மூங்கில் நட்டு தார்ப்பாய் நிழல். அமாவாசை, பௌர்ணமிக்கு ஒட்டிய நாட்கள் வேண்டாம், அப்போதுதான் கடல் அதிகம் உள்ளே ஏறும். நளினி அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றுக்கு மட்டும் மறுத்தார்.

"கொடி வேணாம். என் படத்துல ஒரு குச்சி கூட இருக்கக் கூடாது."

"நீங்க கேமராவைத் தெக்கே திருப்பி வெச்சுக்குங்க. கொடி உங்களுக்குப் பின்னாடி, வடக்கே இருக்கும்" என்றார் மேடம். "கொடி இல்லாம நான் அனுப்ப மாட்டேன். வருத்தப்படாதீங்கம்மா, கொடி இல்லைன்னா பயணம் இல்லை."

நளினி அம்மா ஒப்புக்கொண்டார்.

அன்றைக்குத் திருத்துறைப்பூண்டியில் இட்லி சாப்பிட்டுவிட்டு உப்பளக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மேடம் வரவில்லை, நானும் செல்லையனும் டிரைவர் குமாரும்தான். குமார் வேனோடு கரையில் நின்றுகொண்டான். பாலு சாரைக் கைத்தாங்கலாகப் பாதி வழிக்கு நடத்திக்கொண்டு போய்த் தார்ப்பாய் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அருகில் தண்ணீர் கேன்.

"நீ போய் உன் கானலைப் புடி. நான் டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர்.

நாங்கள் மூவரும் தெற்கே கடைசிக் கொடிவரை போனோம். நளினி அம்மா முக்காலியை ஊன்றி, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வேலையில் மூழ்கிவிட்டார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே பார்த்து நின்றேன். வெயில் ஏற ஏறக் கானல் வந்தது. பாலு சாரின் தார்ப்பாய் ஒரு சின்ன நீலப் பட்டம்போல மிதந்தது. அதற்கும் கரைக்கும் நடுவில் வெள்ளித் தகடாய் ஒரு பளபளப்பு. மற்ற திசைகளிலும் அதே பளபளப்புதான்.

செல்லையன் திடீரென்று பின்கழுத்தைத் தடவினார். "அண்ணே, காத்து மாறுதே."

காலையில் சதுப்பில் இறங்கும்போது இருந்த காற்று வேறு. இப்போது தென்கிழக்கிலிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்கு முன்னால் அது வராது என்றுதான் எங்கள் கணக்கு.

"தண்ணி வருமா?"

"வராதுன்னு சொல்ல மாட்டேன். பொடி ஏத்தம்தான், கடல் கொஞ்சமா ஏறுற நாளு. ஆனா கிழக்கால ஒரு தாழ்வு இருக்கு. வந்தா அதுவழியாப் புகுந்து நமக்குப் பின்னாடி போயிடும்."

பின்னாடி என்றால் நான் பார்த்துக்கொண்டிருந்த இடம். அந்த வெள்ளித் தகட்டை உற்றுப் பார்த்தேன். கானலா தண்ணீரா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் வாழ்க்கையில் அப்படி ஒரு கையாலாகாத்தனத்தை நான் உணர்ந்ததில்லை. கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது, அது இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"அம்மா" என்று கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் உங்க கேமராவை இந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க. சாருக்கும் கரைக்கும் நடுவுல இருக்கிறது தண்ணியா?"

அவர் எரிச்சலோடுதான் திரும்பினார். நீளமான லென்ஸ் அது. கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் பழக்கத்தில் ஒருமுறை பொத்தானை அழுத்திய சத்தம் கேட்டது.

"ஒரு நாரை நிக்குது" என்றார். "குனியுது." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பெருமாள், கானல்ல நாரை மீன் பிடிக்காது."

போனில் சிக்னல் ஒரு கோடுதான். இரண்டாவது முறை பாலு சார் எடுத்தார்.

"சார், கரைப் பக்கம் தண்ணி வந்திருக்கு. உங்களுக்குத் தெரியுதா?"

"அது கானல்ங்க" என்றார் நிதானமாக. "காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். நளினியைக் கேளுங்க, தரை சூடாகி வெளிச்சம் வளையுது. ரொம்ப அழகா இருக்கு."

அவரை எழுந்து கரைக்கு நடக்கச் சொல்வதா, அங்கேயே இருக்கச் சொல்வதா? அதை நான்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது, அதில் யாரும் மூழ்கப் போவதில்லை. ஆனால் ஊறிய பொருக்கு விட்டுவிடும். தேய்ந்த முழங்காலோடு களியில் ஒரு கால் இறங்கினால் அவரால் எடுக்க முடியாது. விழுந்தால் அந்த வெயிலில் எவ்வளவு நேரம் கிடப்பார்? இருக்கச் சொன்னால், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இன்னும் ஊறும். செல்லையனைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். என்ன சொன்னாலும் செய்யத் தயாராக இருந்தார், அவ்வளவுதான்.

"சார், நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீங்க. நாங்க வர்றோம்" என்றேன். அடுத்து குமாரைக் கூப்பிட்டு, உப்பளத்தில் இருக்கிறவர்களிடம் பலகைகள் வாங்கிக்கொண்டு ஆட்களோடு கொடி வழியாக வரச் சொன்னேன்.

நளினி அம்மா அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். செல்லையன் குறுக்கே போய் நின்றார். "ஓடாதீங்கம்மா. ஓடினா பொருக்கு ஒடையும். நடங்க. ஒருத்தர் மிதிச்ச எடத்துல இன்னொருத்தர் மிதிக்காதீங்க."

அம்மா கேமராவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். முக்காலியை அப்படியே விட்டுவிட்டோம். அந்த நடை இருக்கிறதே, அதை மறக்க முடியாது. மனசு ஓடுகிறது, கால் நடக்கிறது. கணவர் கண்ணுக்கு எதிரே ஒரு சமயம் தெரிவார், ஒரு சமயம் தார்ப்பாய்கூடத் தெரியாது. அம்மா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். மந்திரம் என்று நினைத்தேன். அருகில் போனபோது கேட்டது. "அறிவிருக்கா, அறிவிருக்கா" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் நாற்காலியின் காலைத் தொட்டுவிட்டிருந்தது. பாலு சார் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாதங்களைத் தூக்கிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நளினி, உன் கானல் காலை நனைக்குது" என்றார்.

"வாயை மூடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார் அம்மா. பிடியை விடவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் பாலு சாரின் சிரிப்பு நின்றது.

கொடி வழியில் கரைக்கு முன்னால் ஒரு தாழ்வான துண்டு இருந்தது. அதைக் கடப்பதுதான் பாடு. நிழலுக்கு நட்ட மூங்கில்களைப் பிடுங்கிக் குறுக்காகப் போட்டு, மேலே தார்ப்பாயை விரித்தோம். நானும் செல்லையனும் பாலு சாரை இருபுறமும் தாங்க, அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். தார்ப்பாய் முடிகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைப்போம். மூங்கிலை உருவி முன்னால் போடுவோம். மறுபடி எழுப்புவோம். நடுவில் என் கால் முழங்கால்வரை போய்விட்டது. செல்லையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், சட்டை கையோடு வந்தது. பாலு சார் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "சட்டைக்கு நான் பொறுப்பு" என்றார். அடுத்த எட்டில் அவருக்கே கால் மடங்கியது. "முடியலைங்க. என்னை இங்கயே விட்டுட்டு இவளைக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அம்மா திரும்பினார். கோபம் இல்லை, அழுகை இல்லை, வகுப்பில் பேசுகிற குரல். "ஒரு நிமிஷம் உக்காருங்க. மூச்சு வாங்கிக்குங்க. அப்புறம் எழுந்திருக்கிறீங்க."

அப்படியே நடந்தது. அவர் உட்கார்ந்தார், மூச்சு வாங்கினார், எழுந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து குமாரும் இரண்டு உப்பளத் தொழிலாளர்களும் பலகைகளைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். அவர்கள் பலகையும் எங்கள் மூங்கிலும் சேர்ந்த இடத்தில் அந்த இருவரில் ஒருவர் கையை நீட்டி, "வாங்கய்யா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாங்க" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே கரையேறினோம்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேடம் எனக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். காற்று திரும்பியதை யார் முதலில் சொன்னது, போனில் நான் என்ன வார்த்தை சொன்னேன், ஏன் நடக்கச் சொல்லவில்லை. சிலதை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் என் பதில் ஒன்றாகவே இருந்தது. பிறகு என் காலைப் பார்த்தார். உப்பு அறுத்து நாலைந்து இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. எழுந்துபோய் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

"உச்சி வெயில் பயணம் இனிமே இல்லை" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கோடையில் அதற்காகவே மூன்று குழுக்கள் காத்திருந்தன. "நம்ம பிளான் சரியா வேலை செஞ்சுது மேடம். கொடி இருந்துது, ஆள் இருந்தாங்க, திரும்பிப் பாத்தோம், எல்லாரும் வந்து சேந்துட்டோம்."

"வேலை செஞ்சுது. அதனாலதான் நிறுத்துறேன். இன்னிக்குத் தப்பிச்சதை நாளைக்கு நாம அனுபவம்னு சொல்லிக்குவோம். அந்த தைரியத்துல அடுத்த தடவை ஒரு கொடி கம்மியாகும்."

அந்த மூன்று குழுக்களையும் அவரே கூப்பிட்டு முடியாது என்றார். ஒரு குழு கோபித்துக்கொண்டு கோயில் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்தது. புதுப்பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். தோற்ற திட்டத்தை நிறுத்த எல்லோருக்கும் தெரியும்.

நளினி அம்மா கானலைப் படம் எடுத்தாரா என்று பிறகு பலரும் கேட்டார்கள். தெற்கே பார்த்து எடுத்த படங்கள் இருந்தன. நன்றாகவே இருந்தன என்று அவரே சொன்னார். ஆனால் எங்களுக்கு அனுப்பியது அவற்றில் ஒன்றல்ல. நான் திரும்பிப் பார்க்கச் சொன்னபோது பழக்கத்தில் அழுத்தியது. வானம், பளபளப்பு, காலில்லாத ஒரு நாற்காலியில் கையில் டீயோடு அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், அவருக்கு அப்பால் குனிந்த நாரை, கோணலும் மாணலுமாகச் சிவப்புத் துணிகள். மேடம் அதை நிறைய நேரம் பார்த்துவிட்டு, "கொடி நல்லாத் தெரியுது" என்று மட்டும் சொன்னார்.

தை மாதத்தில் இருவரும் மறுபடி வந்தார்கள். இந்த முறை காலை வெளிச்சம் போதும் என்றார் அம்மா. மழைநீர் வடிந்து ஓரங்கள் மட்டும் காய்ந்திருந்தன. கரையை ஒட்டிக் கொஞ்சதூரம்தான் இறங்கினோம். அன்று மேடமும் வந்திருந்தார். குளிர்ந்த காற்று, தரை சாம்பல் நிறத்தில் கண்ணுக்கெட்டியவரை ஒரு மேடு பள்ளம் இல்லாமல் கிடந்தது. முதல் கொடிக்குப் பக்கத்தில் செல்லையன் நாற்காலியைப் போட்டார். பாலு சார் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். அம்மா முக்காலியை ஊன்றியபோது கேமரா தன் பக்கமாகவே திரும்பியிருப்பதைக் கவனித்துவிட்டு, பாலு சார் கைத்தடியை ஊன்றி எழப்போனார்.

"நான் குறுக்க இருக்கேனா? தள்ளி உக்காரட்டுமா?"

"வேணாம். அங்கேயே உக்காருங்க."

பாலு சார் திரும்ப உட்கார்ந்தார். டம்ளரைக் கீழே வைத்தார், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் உட்காருவதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அப்படி இல்லைங்க" என்றார் நளினி அம்மா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "டீயைக் குடிங்க."